மூணடிச் சந்து

அந்த நூலை அவுக்கச் சொல்லுங்க தம்பி.

உங்க ஆளுகளைத்தான். சோத்துக்குப் போயிருக்கறாங்களா? சரி, வந்தப்பறம் சொல்லுங்க. இல்லை, நீங்களே அவுருங்க. முளையில ஒரு சுத்துத்தான் சுத்தியிருக்குது. கடைக்கால் தோண்டறதுக்கு முன்னால சொல்லோணும்னுதான் வெயில்ல எந்திரிச்சு வந்தேன். தோண்டிட்டா அப்பறம் பேச்சில்லை.

என்ன வேணுமா? ஒண்ணரை அடி வேணும். அந்த நூலை உங்க பக்கமா ஒண்ணரை அடி தள்ளிக் கட்டோணும். அவ்வளவுதான் சேதி.

உங்க எடம்தான். நான் இல்லைங்கலை. பத்திரம் சரி, சர்வே சரி, கல்லு நட்டது சரி. நான் எல்லைத் தகராறுக்கு வந்தவன் இல்லை. நீங்க இங்க சுவரு எழுப்புனா என்ற சந்து மறுபடி மூணடி ஆயிரும். எனக்கு ஒரு சாமான் வெளிய எடுக்கோணும். பெருசு. மூணடியில போகாது.

என்ன சாமான்னு கேக்காதீங்க.

உக்காருங்க. அந்தக் கல்லு மேல உக்காருங்க. நீங்க நின்னீங்கன்னா எனக்கு அண்ணாந்து பேசக் கழுத்து வலிக்குது. பேண்ட்டுல மண்ணு ஒட்டுனாத் தட்டிக்கலாம். மண்ணு வாங்கத்தானே வந்தீங்க இங்க.

பின்னால ஒரு வீடு கட்டறீங்களாமா. முன்னால நீங்க, பொடக்காளியில வாடகைக்கு ஒண்ணு. மேஸ்திரி சொன்னான். நல்லது. கட்டுங்க. இந்த வீதியில எல்லாரும் கட்டிட்டாங்க. ஆரம்பிச்சு வெச்சவன் நானு. அது உங்களுக்குத் தெரியாது. எனக்கு முன்னால இந்த வீதியில பொடக்காளின்னா ஒரு கருவேப்பிலை மரம், ஒரு தொவைக்கற கல்லு, வெறகு அடுக்க ஒரு எடம். வேறென்ன? சும்மா கெடக்கற எடம்.

அப்பத்தான் கம்பெனி மேல கம்பெனி வந்துச்சு. கிரைண்டர் கம்பெனி, பம்பு கம்பெனி, அப்பறம் உங்களாட்டம் கம்ப்யூட்டர் கம்பெனி. ஆளுக வந்தாங்க. வீடுதான் வரலை. புருசனும் பொண்டாட்டியுமா கேட்டுக்கு வெளிய வந்து நிப்பாங்க. "ஏனுங்கய்யா, வீடு காலி இருக்குதுங்களா?" செருப்பைப் பாத்தாலே தெரியும், காலையில இருந்து நடந்திருக்கறாங்கன்னு. ஒருத்தன் எதிர்வீட்டு ஆறுச்சாமிகிட்ட மாட்டுக் கொட்டாயைக் கேட்டான். மாடு எப்ப விப்பீங்கன்னு கேட்டான். ஆறுச்சாமி சிரிச்சான். நான் சிரிக்கலை. மரத்தை வெட்டுனேன், வீட்டைக் கட்டுனேன். ஒரு ரூம்பு, ஒரு அடுப்பங்கரை, ஒரு பாத்ரூம். தருமத்துக்குக் கட்டுனேன்னு சொல்லலை. தருமம் இல்லைன்னும் சொல்ல மாட்டேன்.

சந்துக்கு வர்றேன். இருங்க.

நான் டவுன் பஸ் ஓட்டுனவன் தம்பி. டிரைவர் நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாருங்க, டிப்போவுல இன்னும் ரெண்டு பேராச்சும் இருப்பான். மார்க்கெட் வீதியில தள்ளுவண்டிக்கும் சாக்கடைக்கும் நடுவால வண்டியை வுட்டு எடுத்திருக்கேன். ரெண்டு பக்கமும் வெரக்கடை எடம் இருக்கும். ஒரு கீறல் கெடையாது. எனக்குக் கண்ணுதான் டேப்பு.

அந்தக் கண்ணுல அளந்துதான் வுட்டேன், மூணடி. இந்தப் பக்கம் என்ற வீட்டுச் சுவரு. அந்தப் பக்கம் பழைய பஞ்சு குடோன் சுவரு. நீங்க வாங்கி இடிச்சீங்களே, அதான். இந்த நூலு கட்டியிருக்கற எடத்துலயேதான் அந்தச் சுவரு நின்னுச்சு. நடுவால மூணடி. சைக்கிள் போகும். சிலிண்டர் உருட்டிட்டுப் போலாம். ஒரு பொம்பளை இடுப்புல கொடம் வெச்சுட்டுப் போலாம். ஒரு வீட்டுக்கு அதுக்கு மேல என்ன போக வரோணும்? எல்லாத்தையும் ரோசனை பண்ணித்தான் வுட்டேன்.

மொதல்ல குடி வந்தவன் பேரு மாசிலாமணி. பொண்டாட்டி பேரு பரிமளம். அரூர்ப் பக்கம். அவன் அதுக்கு முன்னால லாரியில கிளீனர். அப்பறம் கிரைண்டர் கம்பெனியில கல்லு தூக்கற வேலை. நான் ஊரு பேரு கேட்டேன், அதுக்கு மேல நோண்டலை. நானெல்லாம் ஆள் பாத்து வீடு தர்றவன் இல்லை. ரங்கம்மா கேட்டா. ரங்கம்மா என்ற வீட்டுக்காரி. கேட்டுட்டு, சரி, இருக்கட்டும்னா.

சாமான்னு அவங்களுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. பீரோ. பரிமளத்துக்கு அவங்கப்பன் கல்யாணத்துக்குப் போட்டது. பச்சைக் கலரு, கதவுல கண்ணாடி. மினிடோர் ஆட்டோவுல கொண்டாந்து எறக்குனாங்க. நான் சேரைப் போட்டு உக்காந்து பாத்தேன். சந்து வாயில வந்து நிக்குது பீரோ. நேரா வுட்டா மேல எங்க வீட்டு சன்ஷேடு இடிக்குது. படுக்க வெச்சாத் தூக்கற ஆளுகளுக்குக் கை வைக்க எடமில்லை.

"என்றா மாசிலாமணி, போகாது போல இருக்குதே"ன்னேன்.

"போகும்ங்கய்யா. இதைவிட மோசமான எடத்துல லோடு எறக்கியிருக்கேன்"னான்.

பீரோவை ஒருக்களிச்சுச் சாய்ச்சான். ரெண்டு பேரைத் தூக்க வெச்சுட்டு அவன் முன்னால பின்பக்கமாவே நடந்தான், கையை ஆட்டிக்கிட்டு. லாரிக்காரனுக்குச் சொல்ற மாதிரி. "வரட்டும்... வரட்டும்... லேசா லெப்ட்ல ஒடி... வரட்டும்... வரட்டும்... போதும்!"

ஒரு எடத்துல மட்டும் குடோன் சுவத்துல உரசிருச்சு. சர்ர்ர்னு. தோள்மட்ட உயரத்துல நீளமா ஒரு கோடு வுழுந்துச்சு. பச்சைப் பெயிண்டு சுவத்துல, சுவத்துச் சுண்ணாம்பு பீரோவுல. பரிமளம் கைய வாயில வெச்சுக்கிட்டா. மாசிலாமணி பீரோவைத் தடவிப் பாத்துட்டு, "பீரோ வந்துருச்சில்ல? அப்ப அது தழும்பு. தழும்பு இல்லாத சாமான் வீட்டுக்கு ஒட்டாது"ன்னான். எகத்தாளம் பேசுவான். ஆனா மரியாதை தெரிஞ்ச பயல்.

அதுலருந்து என்ற மகன் திருமூர்த்தி காரை ரிவர்ஸ் எடுக்கறப்ப எல்லாம் மாசிலாமணி வந்து நின்னுக்குவான். நாங்க கூப்புடறதில்லை. அவனா வருவான். பல்லு வெளக்கிட்டு இருந்தாலும் வாயில பிரஷ்ஷோட வந்து நிப்பான். "வரட்டும்... வரட்டும்..." நான் உள்ளாற காப்பி குடிச்சிட்டே கேப்பேன். அந்தப் "போதும்" இருக்குதே, கரெக்டான எடத்துல வரும். ஒரு வெரக்கடை முந்தாது, பிந்தாது. எனக்கு வாச்ச கண்டக்டர்களுக்கே அது வரலை. வண்டி ஓட்டறவனுக்கு அந்த வார்த்தைதான் உசுரு. வரட்டும்னு யாரு வேணாச் சொல்லலாம்.

ஐப்பசி மழை. மாசிலாமணி கம்பெனியில நின்னபடிக்கே உக்காந்துட்டானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுது. சின்ன வயசு. மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்து நம்ம கேட்டுக்கு முன்னால நிக்குது. மழை ஊத்துது. பரிமளம் எறங்கி வந்தா. கூட கம்பெனி ஆளுக நாலஞ்சு பேரு.

"அய்யா, அரூர் கொண்டு போறோம்ங்க. அதுக்கு முன்னால ஒரு நாழி மட்டும் வாசல்ல எறக்கிக்கறோம்ங்க. அவரு குடியிருந்த வாசல்ல வெச்சுத் தலைக்கு ஒரு சொட்டு எண்ணெ வெச்சுட்டு, ஒடனே ஏத்திருவோம்ங்க."

நான் சந்தைப் பாத்தேன். அவளைப் பாத்தேன். சொன்னேன்.

"சந்து பத்தாதும்மா."

நல்லாக் கேட்டுக்குங்க தம்பி. வேண்டாம்னு நான் சொல்லலை. வேண்டாங்கற வார்த்தை என்ற வாயில வரவே இல்லை. இந்த வீதியில கேட்டீங்கன்னா நாச்சிமுத்து பொணத்தை உள்ள வுடலைன்னு சொல்லுவாங்க. பொய். நான் அளவு சொன்னேன். டிரைவரு அளவு சொல்றது தப்பா?

அந்தப் புள்ளை என்னையப் பாத்துச்சு. "பீரோ போச்சேங்கய்யா"ன்னுச்சு.

அவ்வளவுதான் சொன்னா. சத்தம் போடலை. அழுகலை.

"பீரோவைச் சாய்ச்சுக் கொண்டுபோனீங்க. ஆளைச் சாய்க்க முடியுமா?"ன்னு கேட்டேன்.

கேள்வி சரிதானே? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. செத்தவனைச் சாய்ச்சுக் கொண்டு போலாமா? ஒருக்களிச்சு, சுவத்துல தோள் உரச? அது மரியாதையா? அவனுக்காகத்தானே சொன்னேன். அவ சேலை முந்தி நனைஞ்சு சொட்டிட்டு இருந்துச்சு. அதைப் புழிஞ்சா. புழிஞ்சுட்டு வண்டிக்குள்ள போயி அவன் தலைமாட்டுல உக்காந்துட்டா.

ஆறுச்சாமி கொடையைப் புடிச்சுட்டு வந்துட்டான். அவனுக்கு ஒரு வாய். "ஏப்பா நாச்சிமுத்து, உன்ற ஊட்டு நடை வழியாத்தான் கொண்டு போகட்டுமே. முன்வாசல்ல புகுந்து அடுப்பங்கரை வழியாப் பொடக்காளிக்கு நேர் வழிதானே?"

"உன்ற ஊடு தெறந்துதானே கெடக்குது. அங்க எறக்கிக்கச் சொல்லு"ன்னேன். எல்லாருக்கும் அடுத்தவன் நடைதான் அகலமாத் தெரியுது.

அதுல ரங்கம்மா ஒரு வேலை பண்ணுனா. எனக்கு இன்னைக்கும் புரியலை. உள்ள போயி அடுப்பங்கரைப் பின்கதவைத் தெறந்தா. அப்பறம் முன்கதவு ரெண்டையும் அகலத் தெறந்து வெச்சுட்டு ஒரு ஓரமா நின்னுக்கிட்டா. ரோட்டுல நின்னு பாத்தா எங்க வீட்டுக்குள்ளாற நேரா அந்தப் பின்வீட்டு வாசப்படி தெரியுது. காலையில பரிமளம் போட்ட கோலம், மழையில கரைஞ்சது போகப் பாதி, அதுகூடத் தெரிஞ்சுது.

நான் போயி முன்கதவைச் சாத்துனேன். சாரல் உள்ள அடிச்சுது.

சாரல்தான் தம்பி. ஐப்பசிச் சாரல் உங்களுக்குத் தெரியாது, கூடமெல்லாம் நனைஞ்சு போகும்.

ஆம்புலன்ஸ்காரன் ஆரன் அடிச்சான். "பெரியவரே, ஒரு முடிவு சொல்லுங்க, தூரம் போகோணும்." முடிவு சொல்ல நான் யாரு? அப்பத்தான் எண்ணெ பின்வீட்டுல இருக்குதுன்னு ஒருத்தருக்கு நெனப்பு வந்துச்சு. ரங்கம்மா போனா. சந்து வழியாப் போயி, கிண்ணத்துல எண்ணெ எடுத்துட்டு, முந்தியில மூடிக்கிட்டு மழையில வந்தா. அவ வர்றதுக்கு அத்தனை நேரம் எதுக்குன்னு எனக்குத் தெரியலை. ஒரு அடி வெச்சு ஒரு அடி நின்னு வந்தா. வண்டிக்குள்ள வெச்சே எண்ணெ வெச்சாங்க. வண்டி போயிருச்சு.

வீட்டுக்குள்ள வந்து ரங்கம்மா தலையைத் துவட்டுனா. சோறு போட்டா. அதுக்கப்பறம் எங்களுக்குள்ள சண்டை எதும் வரலை. அதான் எனக்குப் புடிபடலை. நாப்பது வருசம் ஒரு நாள் சண்டையில்லாம இருந்ததில்லை நாங்க.

பரிமளம் கருமம் முடிஞ்சு அவ தம்பியைக் கூட்டிட்டு வீடு காலி பண்ண வந்தா. பாத்திரம், துணி, பாயி எல்லாம் கட்டிட்டா. பீரோவைத் தொடலை. "இதை என்னம்மா பண்ணப் போறே?"ன்னு கேட்டேன்.

"இருக்கட்டுங்கய்யா. மறுபடி சாய்க்க எனக்கு மனசில்லைங்க"ன்னா.

சாவியை ரங்கம்மா கையில குடுத்தா. என்ற கையில குடுக்கலை. நான் கையை நீட்டிட்டுத்தான் நின்னேன்.

போயிட்டா. பீரோ கெடக்குது, இன்னும் கெடக்குது. அதுக்குள்ளதான் இப்ப என்ற வேட்டி சட்டை எல்லாம்.

அதுக்கப்பறம் குடி வந்தவங்க எல்லாம் நல்லவங்கதான். ஆனா ஒருத்தரும் நெலைக்கலை. காரணம் கேட்டா, கம்பெனி பக்கத்துல வீடு கெடைச்சிருச்சுன்னுவாங்க. கெடைக்குமா? கெடைச்சா எதுக்கு நம்மகிட்ட வர்றாங்க? ஒரு பொம்பளை மட்டும் போறப்ப கேட்டா. ஒசூருக்காரி. "ஏங்கய்யா, இந்தச் சந்துல யாராச்சும் வண்டி ரிவர்ஸ் எடுப்பாங்களாங்க?"

"மூணடிச் சந்துல எவன் வண்டி எடுப்பான்?"னு அதட்டி அனுப்புனேன்.

ரங்கம்மா கேட்டுட்டு நின்னா.

ரங்கம்மா உசுரு போனது முன்வீட்டுல. கூடத்துல கெடத்தி, மாலை போட்டு, சொந்தபந்தம் எல்லாம் வந்து, நேரா முன்வாசல்ல எடுத்தோம். கதவு ரெண்டும் தெறந்து கெடந்துச்சு. எதுலயும் படலை, எதுவும் உரசலை. கலியாண ஊர்கோலம் மாதிரிப் போனா. குடுத்து வெச்சவ.

அப்பறம் திருமூர்த்தி அபார்ட்மெண்ட் வாங்கிட்டுப் போனான். எட்டாவது மாடி. "அப்பா, நீங்களும் வந்துருங்க"ன்னான். லிப்ட்டு அகலம் என்னடான்னு கேட்டேன். "என்னப்பா கேள்வி இது?"ன்னு அவன் பொண்டாட்டியைப் பாத்தான். அவ அவனைப் பாத்தா. ரெண்டாந்தடவை கூப்புடலை. முன்வீட்டைப் பல் டாக்டருக்கு வாடகைக்கு வுட்டான். கண்ணாடிக் கதவு, ஏசி. கூடத்துல பல்லு புடுங்கற நாற்காலி. அடுப்பங்கரைப் பின்கதவு இருந்த எடத்தைச் செங்கல்லு வெச்சு அடைச்சாச்சு. அங்க எக்ஸ்ரே ரூம்பு.

எனக்கென்ன, பின்வீடு போதும். ஒத்தை ஆளு. நான் கட்டுன வீடு. ஒரு ரூம்பு, ஒரு அடுப்பங்கரை, ஒரு பாத்ரூம், ஒரு பீரோ. கட்டில்ல படுத்தா எதுத்தாப்புல பீரோக் கண்ணாடியில நானே தெரியறேன். கட்டிலைத் திருப்பிப் போட எடமில்லை. நான் கட்டுனப்ப அதை ரோசனை பண்ணலை.

அந்த டாக்டரு நல்ல புள்ளை. தாத்தான்னு கூப்புடும். ஒரு நாள் கேட்டேன். "ஏம்மா, எப்பவாச்சும் ஒரு அவசரம்னா, உங்க கிளினிக் வழியா ஒரு சாமானை வெளிய எடுக்கலாமா?"ன்னு. "பேஷண்ட் உக்காந்திருப்பாங்களே தாத்தா. சைடுல சந்து இருக்குதில்ல, அதுல போகாதா?"ன்னுச்சு.

"சந்து பத்தாதும்மா"ன்னேன்.

சிரிச்சிட்டே போயிருச்சு. சின்னப் புள்ளை, அதுக்கென்ன தெரியும்.

அந்த ஒசூருக்காரி கேட்ட சத்தமா? அதுக்குத்தானே வர்றேன். அவசரப்படாதீங்க. உங்க ஆளுக வரட்டும், இன்னும் நேரமிருக்குது.

வெளக்குப் போடற நேரத்துக்கு வரும். மொதல்ல சர்ர்ர்னு ஒரு உரசல். தகரத்தைச் சுண்ணாம்புச் சுவத்துல இழுக்கற மாதிரி. எலியாயிருக்கும்னு நெனச்சேன். குடோனுக்குள்ள எலி உண்டு. அப்பறம் ரெண்டாவது. "வரட்டும்... வரட்டும்..." மெதுவா. கையை ஆட்டிக்கிட்டுச் சொல்ற மாதிரி. எலியா சொல்லும்?

எனக்குப் பயமெல்லாம் இல்லை. பஸ்ஸுக்கடியில வுழுந்தவங்களை எல்லாம் பாத்தவன் நானு. ஒரே ஒரு வெசயந்தான் எனக்குப் பொறுக்கலை. போதும்னு சொல்ல மாட்டேங்கறான். வரட்டும், வரட்டும், வரட்டும். காதைத் தீட்டிட்டு உக்காந்திருப்பேன். இப்பச் சொல்லுவான், இப்பச் சொல்லுவான். சொல்ல மாட்டான். வாலிபத்துல இருந்து ஸ்டீரிங் புடிச்சவன் தம்பி நானு. பின்னால ஒருத்தன் வரட்டும்னு சொன்னா என்ற காலு தானா ஆக்சிலேட்டரைத் தேடுது. கட்டில்ல உக்காந்துட்டே காலு அமுத்துது. எத்தனை தூரம் பின்னால போறது? எங்க போயி இடிக்கறது?

சுவத்துல அந்தப் பச்சைக் கோடு இருக்கறதுனாலதான்னு நெனச்சேன். குடோன்காரனைக் கேக்காமயே பொங்கலுக்குப் பொங்கல் நான் வெள்ளையடிச்சேன். மாசி பொறந்தா மறுபடித் தெரியும். பெயிண்டுக்காரனைக் கூட்டியாந்து காட்டுனேன். "எங்கீங்கய்யா கோடு?"ன்னான். கண்ணு தெரியாத பய.

அப்பறம் நீங்க வாங்குனீங்க. போன தை மாசம் மிசினு கொண்டாந்து இடிச்சீங்க. நான் சேரு போட்டு உக்காந்திருந்தேன், நீங்க கூடப் பாத்தீங்க, "தூசி வருது, உள்ள போங்க பெரியவரே"ன்னீங்க. எதுக்கு உள்ள போறேன்? அந்தக் கோடு இருந்த எடம் வுழுகறதை என்ற கண்ணால பாக்கோணும்னு இருந்தேன். வுழுந்துச்சு. பொடிப்பொடியாப் போச்சு. லாரியில அள்ளிட்டுப் போயிட்டாங்க. வெட்டவெளி. காத்து சிலுசிலுன்னு வருது. தொலைஞ்சுதுடான்னு அன்னைக்கு ரெண்டு இட்லி சேத்துச் சாப்புட்டேன்.

வெளக்கைப் போட்டுட்டு உக்காந்தேன்.

சர்ர்ர்.

சுவரே இல்லைங்க தம்பி. எதுல உரசுது? நீங்க சொல்லுங்க.

நான் டார்ச்சை எடுத்துட்டு வெளிய வந்து பாத்தேன். இந்தப் பக்கம் என்ற வீட்டுச் சுவரு, அந்தப் பக்கம் ஆகாசம். நடுவால வரட்டும், வரட்டும்னு. சுவரு இருந்தப்பவாச்சும் ஒரு பக்கமாத்தான் கேக்கும். இப்ப எங்கெருந்து வருதுன்னே தெரியலை.

சரி, ஒரு நல்லதும் இருந்துச்சு. எடம் அகலமாக் கெடந்துச்சு. இந்தச் சித்திரை வைகாசியிலயே சாமானை எடுத்திருந்தா சுளுவாப் போயிருக்கும். இந்தப் பக்கம் ரெண்டு பேரு, அந்தப் பக்கம் ரெண்டு பேரு, தாராளமா நடக்கலாம். ஆனா அப்ப சாமான் தயாராகலை. நான் என்ன பண்ண? பிரஷரு சுகரு எல்லாம் நல்லாயிருக்குதுன்னு ஆஸ்பத்திரி டாக்டரு சொல்றாரு. எல்லாம் என்ற கெட்ட நேரம்.

அப்படியே நாளு போயிருச்சு. இன்னைக்குக் காலையில கதவைத் தெறந்தா நூலு கட்டியிருக்குது. அதே எடம். ஒரு வெரக்கடை மாறலை. கண்ணு டேப்புன்னு சொன்னேனே. அந்த நூலுக்கு நேரா நின்னு பாத்தேன். எழும்புன சுவரு மாதிரியே தெரிஞ்சுது எனக்கு. கோடு உள்பட.

அதான் வந்தேன்.

பிளானா? இன்ஜினீரு போட்டதா? ஒண்ணரை அடி போனா பெட்ரூம் சின்னதாயிருமா? சின்னதானா ஆகட்டும். படுக்க எத்தனை எடம் வேணும் ஒரு ஆளுக்கு? பீரோவை வேற பக்கம் போட்டுக்குங்க.

இன்னொண்ணு கேக்கறேன். உங்க பின்வீட்டுக்குப் போற வழி எந்தப் பக்கம்? அந்தக் கடைசியிலயா? எத்தனை வுட்டிருக்கறாரு உங்க இன்ஜினீரு? மூணா?

யாரு அளந்தா மூணு? சைக்கிளுக்கு அளந்தாரா, சிலிண்டருக்கு அளந்தாரா?

நாலரை வுடச் சொல்லுங்க. எதுக்குன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க வீட்டுக்கும் ஒருத்தன் குடி வருவான். கண்ணாடி வெச்ச பீரோவோட வருவான். வந்து, வாங்க போங்கன்னு நல்லாப் பேசுவான். உங்க காருக்குக் கை காட்டுவான். வுடச் சொல்லுங்க.

என்ன? இன்னொருக்காச் சொல்லுங்க, காது கொஞ்சம் மந்தம்.

சாய்ச்சு எடுத்தா என்னவா?

...

சாய்க்கக் கூடாது தம்பி.

பீரோதானேன்னா... பீரோன்னே வெச்சுக்குங்க. சாய்க்காமக் கொண்டுபோகோணும். அவ்வளவுதான். ஒண்ணரை அடி. கையெழுத்துக் கேட்டாலும் போட்டுத் தர்றேன், என்ற பையன் பின்னால எடம் எங்களுதுன்னு வர மாட்டான். சாமான் போனப்பறம் நீங்க மறுபடி சுவரைத் தள்ளிக் கட்டிக்குங்க. அப்ப நான் வந்து கேக்க மாட்டேன்.

என்னங்க எந்திரிச்சுட்டீங்க? என்ற மூஞ்சியில என்ன இருக்குது, அப்படிப் பாக்கறீங்க?

தண்ணியெல்லாம் வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன். வெயிலு.

அட, நீங்களே முளையைப் புடுங்கறீங்களா? ஆளுக வரட்டுமே. சட்டை அழுக்காகும். சரி, உங்க இஷ்டம். இருங்க, இருங்க, அப்படிக் கண்டபடிக்கு இழுக்காதீங்க. நூலு தொய்யுது. நான் எந்திரிச்சு இந்த முனையில நிக்கறேன். கையைக் குடுங்க. ம். விடுங்க, நின்னுக்கறேன். நீங்க அந்த முனைக்குப் போங்க. நான் பாத்துச் சொல்றேன். என்ற கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்குது.

வரட்டும்.

வரட்டும்... வரட்டும். லேசா உங்க பக்கம். வரட்டும்.

கொஞ்சம் இருங்க. இந்தப் பக்கம் ஒரு ஆளு, தோள்ல ஒரு பாரம், அந்தப் பக்கம் ஒரு ஆளு. கையை வீசி நடக்கோணும். உரசக் கூடாது. இன்னும் வரட்டும்.

வரட்டும்.

போதும்.

போதும்ப்பா. போதும்னு சொல்லிட்டேன். கேட்டுச்சா?